திரும்பி நின்று துவாய் பிடித்தவர்

கண்டியில் பெண்களின் மானத்தை அதிகம் காப்பாற்றிய ஆண் யார் என்று ஒரு போட்டி வைத்தால், கோப்பை நேராக எங்கள் துவாய்க்காரருக்குத்தான் போகும். அவர் காப்பாற்றியவர்களில் பாதிப்பேர் இத்தாலிக்காரிகள். மீதிப்பேர் பிரான்ஸ், ஜப்பான், வரைபடத்தில் தேட வேண்டிய சில பனி நாடுகள். எல்லாரும் ஏதோ ஒரு பழைய படத்தில், ஒரே ஒரு காட்சியில் உடுப்பில்லாமல் வந்து, பிறகு உலகம் மறந்துபோன நடிகைகள். இன்றைக்கு எங்கேயோ மூட்டுவலியோடு இருப்பார்கள். கண்டி நகரத்துக் கட்டுக்கலையில் ஒரு மனிதர் தங்களுக்காகக் கை கடுக்கக் குளியல் துவாயை விரித்துப் பிடித்தார் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

நாங்கள் இருப்பது மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு போர்டிங்கின் மேல்மாடி. வீடு என்று ஒன்று உள்ளவர்கள் வெள்ளிக்கிழமையே பஸ் ஏறிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சுவது மூன்று பேர். மனைவியோடு பேச்சு நின்றுபோன நான், யாழ்ப்பாணம் தூரம் என்று சாக்குச் சொல்லும் பாங்க் சிவம், போக இடமே இல்லாத துவாய்க்காரர். அவருக்குத் தெல்தோட்டையில் ஒரு தம்பி உண்டு. தீபாவளிக்குக்கூட அந்தத் தம்பி போன் எடுத்து நான் பார்த்ததில்லை.

சிவத்துக்கு ஒரு பொழுதுபோக்கு. யாரும் பார்த்திராத பழைய படங்கள், எப்போதோ ஓடி மறைந்த வெளிநாட்டு டீவி நாடகங்கள், அவற்றில் எந்த நடிகை எந்த இடத்தில் உடுப்பைக் கழற்றுகிறாள் என்று இணையத்தில் துருவிப் பிடித்து பென் டிரைவில் சேர்ப்பான். கேட்டால் கலை ஆர்வம் என்பான். மொழி விளங்காது, கதையும் விளங்காது. அந்த ஒரு காட்சிக்காக நானும் அவனும் ஹோலில் கதிரை போட்டு மத்தியானம் முழுக்கக் கொட்டாவி விட்டபடி காத்திருப்போம். வேறு வேலை இருந்தால் அதைச் செய்திருக்க மாட்டோமா.

துவாய்க்காரர் எங்களோடு உட்கார மாட்டார். டீவிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து, தோளில் பெரிய பச்சைத் துவாயோடு நிற்பார். படத்தையும் பார்க்க மாட்டார். காதால் கேட்பார். தண்ணீர்ச் சத்தம் வந்தால், கதவுத் தாழ்ப்பாள் விழுந்தால், வயலின் கொஞ்சம் குழைந்தால் போதும். எட்டு வைத்துத் திரைக்கு முன்னால் வந்து, அதற்கு முதுகைக் காட்டி, துவாயை முதுகுப் பக்கமாக இரு கையாலும் விரித்துப் பிடித்துவிடுவார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. உதுதான் சீன்," என்று சிவம் கெஞ்சுவான்.

"அந்தப் புள்ளைக்குக் குளிரும் தம்பி."

"அவ நடிச்சு அம்பது வருசமாச்சு."

"அப்ப இவ்வளவு நாளாக் குளிருதே."

எப்போது இறக்குவது என்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்ப்பார். எட்டி எட்டிப் பார்த்து, கழுத்து நொந்து, கடைசியில் நாங்கள் முகம் தொங்கி உட்கார்ந்தால் காட்சி முடிந்துவிட்டது என்று அர்த்தம். உடனே துவாயை மடித்துத் தோளில் போட்டுக்கொள்வார்.

காதை மட்டும் நம்பியதால் அவருக்கு இடறவும் செய்யும். சவர்க்கார விளம்பரத்தில் குளித்த கைக்குழந்தையை ஒருமுறை மறைத்தார். இன்னொரு நாள் செய்தியில் பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த யானையை ஆற்றில் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். எங்கள் துவாய்க்காரர் அதற்கும் துவாயை விரித்தார்.

"என்ன ஐயா, உது யானை," என்றான் சிவம்.

எட்டிப் பார்க்காமலே, "குளிக்கிறது குளிக்கிறதுதான்," என்றார்.

இந்தப் பழக்கம் வேலையில் வந்தது. வாழ்நாள் முழுக்க ஓர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக இருந்து பென்ஷன் எடுத்தவர். நோயாளிப் பெண்களுக்கு உடுப்பு மாற்றும்போது பெட்ஷீட்டை விரித்துப் பிடிப்பது அவர் வேலை. பிடிக்கிறவன் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அதுதான் அங்கே சட்டம். திருப்பித் திருப்பி அவருக்கு அதுவே குணமாகிவிட்டது. ஒரு பெண்ணோடு நேராக முகம் பார்த்துப் பேசத் தெரியாமலே வயது போய்விட்டது என்று நினைக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. எங்களுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவரும் அக்காவிடம்கூடப் படிக்கட்டைப் பார்த்துத்தான் பேசுவார்.

பார்சல் அக்காவுக்குச் சொந்த ஊர் பன்வில, தேயிலைத் தோட்டப் பக்கம். அறுபது தாண்டியவர். எங்கள் வீதியிலேயே ஒற்றை அறையில் தனியாக இருந்து, சமைத்து, வீடு வீடாகக் கொடுத்து வாழ்கிறவர். போன மாதம் ஒரு ஞாயிறு, சிவம் ஏதோ புதையல் எடுத்த மாதிரி வந்தான். வெளிநாடு இல்லை, நம் நாட்டிலேயே எடுத்து, ஓடாமல் போன பழைய சிங்களப் படம். தேயிலைத் தோட்டம், ஆறு, ஆற்றில் குளிக்கும் கதாநாயகி. தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் துவாய்க்காரர் விரைந்து வந்து மறைத்தார். பிந்திவிட்டார். ஒரு பெண்ணின் வெற்று முதுகு தண்ணீரில் இறங்குவதை நாங்கள் பார்த்துவிட்டோம். அதே நேரம் வாசலில் பார்சல் பையோடு அக்கா நின்றார்.

"அந்தப் பொண்ணு இறங்க மாட்டேன்னுருச்சு. தண்ணி அவ்வளவு குளிரு," என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

"எந்தப் பொண்ணு?" என்றேன்.

"கதாநாயகி."

"அப்ப உதில இறங்கினது ஆர்?" என்று சிவம் கேட்டான்.

அக்கா சேலைத் தலைப்பை முதுகைச் சுற்றி இழுத்துக்கொண்டார். இறங்கியது அவரேதான் என்று முகம் போன போக்கு எங்களுக்குச் சொல்லிவிட்டது. பையை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

சிவத்துக்கு வாய் நிற்காது. அன்று மாலையே த்ரீவீல் தரிப்பிடத்தில் டிரைவர்களிடம் சொல்லி, காட்சியை ஒரு போனுக்கு அனுப்பியும்விட்டான். ஒரு போனுக்கு அனுப்புவதும் ஊருக்கு அனுப்புவதும் ஒன்றுதான். அடுத்த நாள் அக்கா தெருவில் இறங்கியபோது டிரைவர்கள் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அன்றோடு அவர் கதவு சாத்திக்கொண்டது. பார்சல் இல்லை, அடுப்பு இல்லை. அறையைக் காலி செய்யப்போகிறார் என்று பேச்சு வந்தது.

ஞாயிறு வந்தது. துவாய்க்காரர் சட்டை மாற்றி என் முன்னால் நின்றார். "சார், என்கூட வாங்க. எனக்குப் பேச வராது." எனக்கு மட்டும் வரும் போல.

அக்கா கதவைப் பாதி திறந்தார்.

"எதுக்கு வந்தீங்க? எல்லாரும்தான் பாத்துட்டீங்களே."

"நா பாக்கல," என்றார் துவாய்க்காரர், படியைப் பார்த்தபடி.

"பொய் சொல்லாதீங்க. டீவிக்கு முன்னாலதானே நின்னீங்க."

"திரும்பியில்ல நின்னேன். இவரு மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்." என்னைக் கை காட்டினார். "எப்பவும் இந்த மூஞ்சியத்தான் பாக்குறேன். எனக்கு வேற என்னா இருக்கு."

அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"ஒரு வாரமாக் கடைப் பாண்தான்," என்றார் துவாய்க்காரர்.

"உள்ள வாங்க." நானும் செருப்பைக் கழற்றினேன். "நீங்க பாத்தீங்கள்ல? வெளிய நில்லுங்க."

நின்றேன். நியாயமான தீர்ப்பு. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக எனக்கும் ஒரு தட்டு வந்தது. பருப்பும் கருவாடும். வெளியே குந்தியிருந்து சாப்பிட்டபோது உள்ளே அக்காவின் குரல் கேட்டது.

"அப்ப எனக்கு இருவத்தஞ்சு வயசு. புருசன் கொழும்புக்குப் போயித் திரும்பி வரல. முதுகுதானே, யாருக்குத் தெரியப்போவுதுன்னு இறங்கிட்டேன். எடுத்து முடிச்சதும் எல்லாரும் சாமானக் கட்டிக்கிட்டு வேனுக்குப் போயிட்டாங்க. தண்ணியில இருந்து ஏறி வாறப்போ ஒரு துவாய் குடுக்க ஒரு ஆள் இல்ல."

உள்ளே சோற்றுக் கோப்பையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்," என்றார் துவாய்க்காரர்.

அக்கா அறையைக் காலி செய்யவில்லை. இப்போது பார்சல் கொண்டுபோகும்போது பையைத் துவாய்க்காரர் தூக்குகிறார். தரிப்பிடம் வந்ததும் அக்காவுக்கும் டிரைவர்களுக்கும் நடுவில் புகுந்து, அவர்கள் முகம் தொங்கும்வரை பார்த்துக்கொண்டே நடக்கிறார். சிவம் பென் டிரைவை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அங்கேயே சாப்பிடுகிறார். எங்கள் ஹோல் வெறிச்சென்று கிடக்கிறது. அந்த மனிதர் இந்த உலகத்தில் என் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. வேறு யாரும் அதை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.