கத்த வராத கூட்டம்

"உனக்கு மனசாட்சி இருக்கா தம்பி? இவரைப் போயி சிலுவையில அறைன்னு நான் கத்தணுமா?"

"ஞானம்மாக்கா, இது நாடகம் லா!"

"நாடகமா இருந்தா என்ன? என் காலு புண்ணுக்கு மூணு மாசம் கட்டுப் போட்ட கை அது. அந்தக் கையில ஆணி அடிக்கச் சொல்றே. முடியாது, போ!"

மலேசியாவின் ஈப்போ நகரில், நூறு வருஷத்துத் தேவாலயக் கூரையில் அந்தச் சண்டை மூன்று முறை எதிரொலித்தது. நாடகத்தை இயக்கும் சுகுமாரன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

பெரிய வெள்ளிக்கு ஐந்தே நாள். இத்தனை வருஷமும் ஆங்கிலப் பூசைக்கு வருகிறவர்கள் போட்ட பாஸ்கா நாடகம், அதாவது இயேசு சிலுவையில் பாடுபட்ட கதை, முதல்முறையாகத் தமிழ்ப் பூசைக்காரர்கள் கைக்கு வந்திருக்கிறது. சுகுமாரனுக்கு ஒரு வாரமாகச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஃபாதர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மதியம் இரண்டு மணிக்கு ஒத்திகை பார்க்க வருவார். கூட்டம் ஆவேசமாகக் கத்தினால் நாடகம். இல்லாவிட்டால் வெறும் பைபிள் வாசிப்பு.

சுகுமாரன் செய்த தப்பு ஒன்றுதான். இயேசுவாக நடிக்க ஊரிலேயே நல்ல மனுஷனைப் பிடித்துவிட்டார். பக்கத்து ஊரான பத்து காஜாவின் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஆரணன். கூட்டத்தில் நின்ற நாற்பது பேரில் அவன் கை படாத உடம்பு கிடையாது. யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன்.

"சரி, கத்த வேணாம். வசனத்தை மட்டும் சொல்லுங்க."

நாற்பது பேரும் சொன்னார்கள். "அவரைச் சிலுவையில அறைங்க லா, ப்ளீஸ்."

கோப்பிக்கடையில் தே தாரிக் டீ கேட்கிறவன்கூட இதைவிட அதட்டலாகக் கேட்பான்.

"ஆரணனையே தெரியாத ஆளுங்க வேணும்!" என்று சுகுமாரன் தூரத்துச் சுங்காய் ஊருக்குப் போன் அடித்தார். பதினொரு மணிக்கெல்லாம் தோட்டத்து ராமையா இரண்டு வேனில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாரும் மாரியம்மன் கோவில் ஆட்கள். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே வெள்ளை அங்கியும் தாடியுமாக நின்ற ஆரணனைப் பார்த்ததும் இருபது பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"சாமி, பேத்திக்கு எஸ்.பி.எம். பரீட்சை. ஆசீர்வாதம் பண்ணுங்க," என்றார் ராமையா.

ஆரணனுக்குத்தான் மாட்டேன் என்று வராதே! கையைத் தூக்கினான். பின்னாலேயே வரிசை கட்டிவிட்டது. அதில் ஞானம்மாக்காவும் நின்றார்.

"ஐயோ, வரிசையைக் கலைங்க! ஃபேனையும் நிறுத்துங்க, வேர்த்தாத்தான் கோபம் வரும்!" சுகுமாரன் அலறினார். "நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் எல்லாம் அந்த ரூம்ல இருக்கு, சாவி என் பாக்கெட்ல. ஒழுங்காக் கத்துற வரைக்கும் ஒருத்தருக்கும் சாப்பாடு கிடையாது!"

"சப்பார்லா, கொஞ்சம் பொறுமையா இரு தம்பி. எனக்கு இனிப்பு நீரு வியாதி, பசி தாங்காது," என்றார் ஞானம்மாக்கா.

"கத்துங்கக்கா, அப்புறம் சாப்பிடலாம்!"

அறுபது பேர், பங்குனி வெயில், காற்றில்லை. இருபத்தேழு தடவை சொல்லவைத்தார். இருபத்தேழு தடவையும் முனகல்தான். ஒவ்வொரு தடவைக்கும், "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று ஒரு ஏச்சு வேறு.

ஒன்றே முக்காலுக்கே கதவு திறந்தது. ஃபாதர்!

சுகுமாரன் கூட்டத்துக்குள் ஓடிப்போய்க் கெஞ்சினார். "கடைசியா ஒண்ணு. ஆரணனைப் பார்க்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு, உங்களுக்கு யார் மேல ரொம்ப எரிச்சலோ அந்த மூஞ்சை மட்டும் நினைங்க. ம், கத்துங்க!"

"அவனைச் சிலுவையில் அறையும்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் ஒரே மூச்சில் பறந்தன. ஞானம்மாக்கா முஷ்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார். ராமையாவின் கழுத்து நரம்பு புடைத்தது. நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை, இன்னும் நாலு தடவை கத்தினார்கள்.

ஃபாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருஷத்துல இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்ல சுகுமாரன். நாடகம் நடக்கும்!"

சுகுமாரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் ஆரணனைக் கட்டிப்பிடித்தார். ஒரே ஒரு குறைதான்.

"எல்லாம் சரி ஆரணா. ஆனா நீ இயேசுலா! நீயும் ஏன் சேர்ந்து கத்துனே?"

ஆரணன் தலை குனிந்தான்.

"மன்னிச்சிருங்கண்ணே. அறுபது பேரும் உங்களை நினைச்சிக் கத்தும்போது, நான் மட்டும் எப்படிண்ணே சும்மா நிக்கிறது?"

அடுத்த வருஷமும் சுகுமாரனே நாடகம் போடலாமா? அந்த அறுபது பேரைத் தவிர மற்றவர்கள் தயவுசெய்து பதில் எழுதுங்கள்.