ஆடிக் கிருத்திகையில் போன பர்ஸ்

கே.ஜி.கண்டிகை,
வெள்ளிக்கிழமை.

அரக்கோணத்தில் ரயில்வே உத்தியோகம் பார்க்கும் அன்பு மச்சான் தணிகைமணிக்கு, உன் பாவா பூபாலன் ஆசி கூறி எழுதுவது. முருகன் தயவில் இங்கே உன் அக்கா கோவிந்தம்மாள் சௌக்கியம். முன்னைவிடச் சௌக்கியம். அதுதான் என் கஷ்டமே. போனில் சொல்லலாம்தான், ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது. அதற்கும் அவளிடம்தான் கை நீட்ட வேண்டும்.

ஆடிக் கிருத்திகைக்கு நாம் இருவரும் மொட்டை போட்டு, மஞ்சள் வேட்டி கட்டி, காவடி எடுத்து மலையேறியபோது என் பர்ஸ் போனது உனக்குத் தெரியும். நீ இரண்டு காவடியையும் தூக்கிக்கொண்டு ரயிலேறியதும் நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடி, என்னை இடித்துவிட்டுப் போனவன்தான் திருடன், மொட்டைத் தலை, சந்தனம், மஞ்சள் வேட்டி என்று அடையாளம் சொன்னேன். ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்களும் அப்டித்தான் கீறீங்க, உங்களையே உள்ள வைக்கட்டா?" என்றார். எந்த ஜேப்பில் இருந்தது என்றார். இடது ஜேப் என்று அடித்துச் சொன்னேன். பிறகு பேங்குக்குப் போய்ப் பழைய கார்டை முடக்கினேன். புதுக் கார்டுக்கு முகம் காட்டச் சொன்னார்கள். ஆதாரில் சுருட்டை முடியோடு இருப்பது நான்தான் என்று மெஷின் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. முடி வளர்ந்ததும் வரச் சொன்னார்கள்.

அதுவரை கரும்புப் பணம், பால் பணம் எல்லாம் உன் அக்கா கணக்கில்தான் விழுகிறது. டீக்குக் காசு கேட்டால், "வூட்ல போட்ட டீ என்னாச்சி?" என்கிறாள். கைமாற்றுக் கடன் கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சேட்டுவை, "என் கையில ஏதுப்பா, உள்ள கேளு" என்று அனுப்பினேன். அவள் கேட்ட கேள்வியில் அவன் எனக்குத் தர வேண்டிய போன வருஷத்துப் பாக்கியையும் வைத்துவிட்டு ஓடினான். வீடு நன்றாகத்தான் நடக்கிறது, ஆனால் எனக்கு அவமானமாக இருக்கிறது மச்சான். ஞாயிற்றுக்கிழமை வந்து அக்காவிடம் நயமாகப் பேசி, வரவு செலவை என் கைக்கு மீட்டுத் தா.

கவிப்பிரியாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். மொட்டைத் தலையோடு வெயிலில் அலையாதே.

உன் பாவா,
பூபாலன்

பி.கு.: கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறைத்தது. வேட்டிக்கு ஏது ஜேப்? பர்ஸைக் காவடித் துணிக்குள் செருகியவன் நானேதான். அது காவடியோடு உன் வீட்டுப் பரணில்தான் இருக்கும். நீ வரவேண்டாம். வரவு செலவு என் கைக்குத் திரும்பினால் கரண்ட் பில்லும் சேட்டுவும் மறுபடி என் தலையில். இப்போது நிம்மதியாகத் தூங்குகிறேன். அடுத்த ஆடி வரை அக்காவிடம் மூச்சு விடாதே. டீக்கு மட்டும் அதிலிருந்து எடுத்து அவ்வப்போது யாரிடமாவது கொடுத்தனுப்பு.

மணி, ஸ்டாம்பு வாங்க எங்கிட்டதான் காசு கேட்டாரு. படிச்சிட்டுதான் ஒட்டனேன். ஞாயித்துக்கிழமை பர்ஸை எடுத்துகினு வா. பணத்த என் கையில குடு. பர்ஸை அவருகிட்டயே குடுத்துடு. — அக்கா