மாஸ்கோ குலைக்காது

நாய் வளர்க்கிறவர்கள் வேறு, சாதி நாய்க்காரர்கள் வேறு. முதல் கூட்டம் சோற்றை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். இரண்டாவது கூட்டத்துக்கு நாயே வேலை. அதில் ஒருவர் வீட்டு வாசலில் நீங்கள் கால் வைத்ததும், வாங்க, உட்காருங்க என்று சொல்வதற்கு முன்னால், அந்த நாயின் தகப்பன் எந்த தேசம், தாய் எந்த தேசம், பாட்டன் எந்த மலையில் எந்த வண்டியை இழுத்தான் என்று ஆரம்பித்து அவர் மூச்சு வாங்குவதற்குள் உங்கள் காபி ஆறிப்போகும். தன் கொள்ளுப்பாட்டன் பேரைக் கேட்டால் மனுஷர் கொஞ்சம் யோசிப்பார். நாயின் கொள்ளுப்பாட்டன் விஷயத்தில் யோசனையே கிடையாது.

உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை மண்டி வைத்திருந்த சிவசுப்பிரமணியன் இந்த இனத்தில் முதல் தரம். எண்பத்தொன்றாம் வருஷம் பெங்களூருக்குச் சரக்கு விஷயமாகப் போனவர், ஒரு குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினார். பனிமலையில் சக்கரமில்லாத வண்டியை இழுக்கிற ஹஸ்கி நாய் என்று விற்றவன் சொன்னானாம். குட்டிக்கு ஒரு கண் வெளிறியிருந்தது. அதுதான் அத்தாட்சி. மாஸ்கோ என்று பேர் வைத்தார். ஆசாரியைக் கூப்பிட்டுச் சக்கரமில்லாமல் ஒரு வண்டி செய்யச் சொன்னார். அவரும் செய்து கொடுத்துவிட்டு, "சக்கரம் எப்பங்க வாங்குவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. நாய்க்கா? இல்லை, அவர் மனைவி ஜெயலட்சுமிக்கு. அவள் பிறந்த வீட்டுச் சீராக வந்த டேபிள் ஃபேன் கூடத்திலிருந்து மாஸ்கோ இருந்த மாட்டுக்கொட்டகைக்குப் போனது. கத்திரி வெயிலில் ஜெயங்கொண்டத்திலிருந்து உமி போட்ட சாக்கில் ஐஸ் பாளம் வந்து இறங்கியது. வீட்டில் விருந்தாளிகள் வெந்நீராய்க் காய்ந்த பித்தளைக் குடத்துத் தண்ணீரைக் குடித்தார்கள், மாஸ்கோ ஐஸ் மேல் படுத்து நடுங்கியது.

"தமிழ்ல பேசாத அதுகிட்ட. குழம்பிப்போயிரும்" என்றார் மனைவியிடம்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்களே."

"அப்ப பேசாம இரு."

சோறு கூடாது, ரொட்டியும் பாலும்தான் என்று உத்தரவு. குட்டிக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஜெயலட்சுமி எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? அவர் மண்டிக்குக் கிளம்பினதும் கருவாட்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்து, "வாடா ராசா" என்று தமிழிலேயே கூப்பிட்டு வைத்தாள். குட்டி தட்டையும் சேர்த்து நக்கியது. ஆடி பிறப்பதற்குள் மினுமினுவென்று ஆகிவிட்டது. "பாத்தியா ரொட்டியோட மகிமையை" என்றார் சிவசுப்பிரமணியன்.

ஹஸ்கி குலைக்காது, ஊளைதான் இடும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் தபால்காரரைப் பார்த்ததும் மாஸ்கோ, சந்தேகத்துக்கு இடமில்லாமல், வள்ளென்று குலைத்தது. பக்கத்து வீட்டு வைரக்கண்ணு சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்னங்க, குலைக்குதே?"

"எல்லாம் உங்க வூட்டு நாயோட சகவாசம். அதை முதல்ல கட்டிப்போடுங்க."

ஜெயலட்சுமி அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். ஆனால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. மாஸ்கோ அசல் தெரு நாய் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்துபோயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் எடுத்து வளர்த்த செவலை நாய்க்குட்டியை, "தெருப் பொறுக்கிக்கு என் வூட்ல இடமில்ல" என்று சாக்கில் கட்டிக் கொண்டுபோய் ஆண்டிமடம் முந்திரிக்காட்டில் உதறிவிட்டு, வெறும் சாக்கோடு வந்தவர் இவர். அவள் மூன்று நாள் தேடிப் போய் அழுதுவிட்டு வந்தாள். அந்தச் சாக்கு இன்னமும் பரண் மேல் இருந்தது.

தீபாவளிக்கு அவள் தம்பி அழகேசன் பட்டாளத்திலிருந்து லீவில் வருவதாகக் கடிதம் போட்டான். பனிமலையில் இருக்கிறவன். அசல் பனி நாய்களைக் கண்ணால் பார்த்தவன்.

"வரட்டும். அவன் சொல்லட்டும் இது அசல்னு. வைரக்கண்ணு மூஞ்சியில கரி பூசறேன். போலின்னு சொன்னான்னா, சாக்கு இருக்கு, காடு இருக்கு" என்றார் சிவசுப்பிரமணியன்.

அழகேசன் வந்தான், மாஸ்கோவைப் பார்த்தான், வாயைத் திறந்தான். ஜெயலட்சுமி அவன் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"தம்பி, இது என்ன நாய்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரிய வேணாம்."

"அக்கா, வாசல்லயே மாமா வண்டியில கட்டிப் பாத்துருவோம்னுட்டாரு. இது இழுக்குமா?"

"அதை நான் பாத்துக்கறேன்."

ஐப்பசி மழையில் ஏரிக்கரைச் சரிவு களிமண்ணாய் வழுக்கியது. பனிக்கு அடுத்தபடி அதுதான் என்று அழகேசன் தீர்ப்புச் சொன்னான். தெருவே கூடிவிட்டது. சிவசுப்பிரமணியன் கோட்டு மாட்டிக்கொண்டு சக்கரமில்லாத வண்டியில் ஏறி உட்கார்ந்து, இங்கிலீஷில் கட்டளை போட்டார். மாஸ்கோ திரும்பி அவரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தது. மறுபடி போட்டார். மாஸ்கோ காதைச் சொறிந்துகொண்டது. வைரக்கண்ணு மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். சிவசுப்பிரமணியன் முகம் கறுத்துவிட்டது.

ஜெயலட்சுமி சரிவுக்குக் கீழே இறங்கிப்போய் நின்றாள். முந்தானைக்குள்ளிருந்து பொட்டலத்தைப் பிரித்தாள். சுட்ட நெத்திலிக் கருவாடு. காற்று சரிவின் மேல்பக்கம் அடித்தது. மாஸ்கோ ஒரே பாய்ச்சல். வண்டியை நாய் இழுத்ததா, சரிவு இழுத்ததா, அதை ஆண்டவன்தான் சொல்ல வேண்டும். சிவசுப்பிரமணியன் கோட்டோடு சர்ரென்று இறங்கி, தண்ணீர் ஓரத்துச் சேற்றில் இடுப்பளவுக்குப் போய்ப் புதைந்தார். எழுந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அசல்தான் மாமா" என்றான் அழகேசன், தரையைப் பார்த்துக்கொண்டு. "இந்த வேகத்தை நான் அங்ககூடப் பாத்ததில்ல."

ஜெயலட்சுமிக்கு உயிர் வந்தது. ராத்திரி சாப்பாடு வரைக்கும்தான் அது தங்கியது. ரசத்தைக் கையில் வாங்கிக்கொண்டே அவர் சொன்னார், "இப்பேர்ப்பட்ட அசல் நாயை இந்த வெயில்ல வச்சிருக்கறது பாவம். ஊட்டி எஸ்டேட் முதலாளி ஒருத்தர் பழக்கம். நம்ம சரக்கு லாரியில அனுப்பிச்சிருவோம். குளுகுளுன்னு இருக்கும்."

அழகேசன் அக்காவைப் பார்த்தான். சாக்குக்குத் தப்பினது லாரியில் மாட்டிக்கொண்டது. இப்போது போலி என்று சொன்னால் காடு, அசல் என்று சொன்னால் ஊட்டி. ஜெயலட்சுமி ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அனுப்புங்க. அங்க பங்களாவுக்குப் பங்களா இந்த மாதிரி ஒண்ணு நிக்கும், அதுல இதுவும் ஒண்ணு. இங்க திருச்சி வரைக்கும் ஹஸ்கிக்காரர்னா நீங்க ஒருத்தர்தான்."

அவர் இரண்டாவது தடவை ரசம் கேட்டார். மறுநாள் ஊட்டிப் பேச்சே எழவில்லை. மாஸ்கோ பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்து, ஊர் நாய்கள் எல்லாவற்றோடும் சகவாசம் வைத்துக்கொண்டு, கருவாடு தின்று, நிம்மதியாகச் செத்தது. அதற்கு ஃபேன் எதற்கு என்று ஒரு நாளும் விளங்கவில்லை.

இந்த இனம் உடையார்பாளையத்தோடு போயிற்று என்று நினைத்து நீங்கள் நிம்மதியாகக் கால் நீட்ட வேண்டாம். போன வாரம் உங்கள் வீட்டுக்கு யாரோ ஒரு புது மனுஷர் வந்தாரே, தாகத்தோடு. தண்ணீர் வேண்டுமா என்று முதலில் கேட்டீர்களா, இல்லை, எந்த ஊர், யார் வகையறா என்று கேட்டீர்களா? யோசித்துச் சொல்லுங்கள். ஆசாரி செய்த அந்த வண்டி இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது. இன்னொருத்தர் உட்கார இடம் உண்டு.