இருபத்தேழு சீசாவும் ஒரே மோரும்

மேட்டுவளவு,
எடப்பாடி வழி,
9-3-84.

பட்டணத்தில் காமாலைக் கிருமிகளோடு குடித்தனம் நடத்திவரும் என் மகள் சிரஞ்சீவி முத்தாயம்மாளுக்கு, அப்பன் சென்னியப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா பாப்பாயியும் இரண்டு எருமைகளும் ஒரு பசுவும் நலம். அங்கே உன் உடம்பு எப்படி, உன் புரொபசர் ஐயாவின் கோபம் தணிந்ததா என்று இரண்டுக்கும் பதில் போடவும்.

உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்தது. "அப்பா, வீட்டுக்கு ஒன்றாக நீங்கள் அனுப்பிய இருபத்தேழு மோர் சீசாவிலும் ஒரே கிருமிதான் இருக்கிறது, மயிரிழை வித்தியாசமில்லை, ஒரே பானையிலிருந்து ஊற்றிவிட்டீர்களா? நான் பொய் சொல்கிறேன் என்று புரொபசர் நினைக்கிறார், பதினைந்தாம் தேதிக்குள் சரியான மோர் வராவிட்டால் இந்த ஆராய்ச்சியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்" என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வயசில் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதவன் நான். பெத்த மகளையா ஏமாற்றுவேன்? நடந்ததைச் சொல்கிறேன், அதைப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

நீ அனுப்பிய சீசாக்களைத் தூக்கிக்கொண்டு நான் புறப்பட்ட நாள் பாழாய்ப்போன வெள்ளிக்கிழமை. பால் தோய்க்கிற உறைமோரில் ஒரு சீசா கொடு என்று சின்னாயி வாசலில் நின்று கேட்டேன். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஒறைமோரை யாராச்சும் ஊட்ட உட்டு வெளிய குடுப்பாங்களா மாமா? மகாலச்சுமி போயிருவாளுங்க" என்று கதவை ஒருக்களித்துக்கொண்டாள். மற்ற வீடுகளிலும் அதே பேச்சு. சரி, ஞாயிற்றுக்கிழமை நிறைத்து வையுங்கள் என்று வீட்டுக்கு ஒரு சீசாவாகக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆராயி வீடு ஒன்றுதான் பாக்கி. நம் கட்டுத்தரையில் சாணி அள்ளுகிறவள் வாசலில் நான் போய் நிற்கிற வழக்கமில்லை, உனக்கே தெரியும். அதற்குள் வளவு முழுக்கப் பேச்சு. பங்காளி கந்தப்பன் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து, "ஏனுங்கண்ணா, எருமை ரண்டும் வத்திருச்சுங்களா? சொல்லியிருந்தா நம்ம ஊட்டுது ஒண்ணைப் புடிச்சாந்து கட்டியிருப்பனே" என்கிறான். எருமைக்கு ஒன்றுமில்லையப்பா, மகள் காமாலை ஆராய்ச்சிக்குக் கேட்டாள் என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சென்னியப்பனுக்குக் காமாலை என்று அரைமணி நேரத்தில் சேதி பரவி, ஆளாளுக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கரைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல, "எல்லாரும் மொதல்ல அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்று கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தார்கள். மரியாதைக்கு மூன்று டம்ளர் குடித்தேன். அதன் பலன் இரண்டு நாள் இருந்தது. அதை விவரித்து எழுத இடமில்லை.

ஆனால் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறு சீசாவும் நிறைந்து வந்தன. நம் வீட்டு மோரையும் ஒரு சீசாவில் ஊற்றி ஒன்றாம் நம்பர் போட்டு அனுப்பினேன். இதில் நான் செய்த குற்றம் என்ன? உன் கடுதாசியை உன் அம்மாவிடம் படித்துக் காட்டியபோதல்லவா வண்டவாளம் வெளிவந்தது! "அந்த வாரம் அத்தனை பொம்பளைகளும் புழக்கடை வழியா நம்ம ஊட்டுக்குத்தானுங்க ஒறைக்கு வந்தாங்க, பாவம் வறட்சியில பால் இல்லையாட்ட இருக்குதுன்னு குடுத்துட்டேன்" என்கிறாள் சாவகாசமாக. போய் விசாரித்தால், பெரிய வீட்டு மாமா (நான்தான்) கேட்கிறார், பட்டணத்துக்குப் போகிற மோர், நம் வீட்டுப் புளிச்ச மோரையா கொடுப்பது என்று ஒருத்தி பாக்கியில்லாமல் நம் மோரையே வாங்கி நம் சீசாவிலேயே ஊற்றி நமக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மரியாதை கொடுத்தே என்னைக் கவிழ்த்துவிட்டார்கள், அம்மணி!

விடுவேனா? மறுநாள் விடியக்காலையில் நானே சீசாவோடு புறப்பட்டு, பானையைக் கண்ணால் பார்த்து, என் கையால் மொண்டு ஊற்றுவது என்று முடிவு கட்டினேன். அவசரத்தில் சின்னாயியிடம், "உன் மோரில் கிருமி இருக்கிறது, அதில் கொஞ்சம் ஊற்று" என்று சொல்லிவிட்டேன். "எங்கூட்டு மோருல கிருமியா! உங்க மருவாதைக்குப் பாக்கறனுங்க, இல்லீன்னா..." என்று விளக்குமாற்றைப் பார்த்தாள். கிருமி இல்லாவிட்டால் பால் தோயாது, நல்ல கிருமி கெட்ட கிருமி என்று இரண்டு ஜாதி உண்டு என்று நீ எழுதியதையெல்லாம் வாசலில் நின்று பிரசங்கம் செய்து, இரண்டு நாளில் இருபத்தாறையும் வாங்கிவிட்டேன். நேற்று மத்தியானமே பார்சல் போடச் சேலம் பஸ் ஏறினேன். வெயிலுக்கு நாலு சீசா பொங்கி மூடி டப் டப்பென்று தெறித்தது. "ஏனுங்க பெரியவரே, பையில குண்டு கிண்டு வெச்சிருக்கீங்களா?" என்று கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிட்டான். வேட்டியெல்லாம் புளிச்ச வாடையோடு நாலு மைல் நடந்து திரும்பி வந்து, அந்த நாலு வீட்டு வாசலிலும் மறுபடி நின்றேன். வெட்கப்படவில்லை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கிறாயா? உன் பெரியப்பன் காமாலை கண்டு கிடந்தபோது நீ ஏழாம் வகுப்பு. நாற்பது நாள் அவரைச் சேலம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தும் காப்பாற்ற முடியாமல் திரும்பினேன். பெரியப்பன் கண் ஏனப்பா மஞ்சளாச்சு என்று நீ கேட்டாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது இன்னும் என் மனசில் கிடந்து உறுத்துகிறது, சாமி. மோரால் காமாலைக் கிருமிக்கு ஏதாவது ஆகுமா ஆகாதா, எதுவானாலும் உள்ளதை எழுதுவேன் என்கிறாய். எழுது. அதை வேறொருவன் எழுத நான் விடமாட்டேன். திங்கட்கிழமை ரயிலில் சீசாக்களை மடியில் வைத்துக்கொண்டு நானே வருகிறேன். உன் புரொபசர் முன்னால் நின்று நடந்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்று. இருபத்தேழிலும் இருக்கிற அந்த ஒன்றாம் நம்பர் கிருமி மாதிரி ஒன்றைப் பார்த்ததே இல்லை, எதற்கும் அசர மாட்டேன் என்கிறது, புதுசாக இருந்தால் பேர்கூட வைக்கலாம் என்று எழுதியிருந்தாய். அசருமா? என் பாட்டி சென்னியம்மாள் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த உறை அது. ஒரு நாள்கூட விட்டுப்போகாமல் நாலு தலைமுறையாக இந்த வீட்டில் தோய்கிறது. ஆகையால் அதற்குச் சென்னியம்மாள் என்றே பேர் வைக்க வேண்டும். இது என் உத்தரவு.

நீ சொன்னபடி கொதிக்க வைத்த தண்ணீரையே குடிக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியம் ஜெயமாக வேண்டும். புரொபசர் ஐயாவுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பன்,
சென்னியப்பன்.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டவள், "அந்த ஒறை எப்பவோ செத்துப்போச்சுங்க" என்றாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாற்பது நாளில் இங்கே மாடுகளுக்குக் கோமாரி வந்து பால் நின்று உறையும் போய்விட்டதாம். மாடு தேறியதும் ஆராயி வீட்டிலிருந்துதான் உறை வாங்கினாளாம். பன்னிரண்டு வருஷமாக நாம் குடிப்பது ஆராயி வீட்டு மோர். ஏண்டி சொல்லவில்லை என்றால், "நீங்க கேக்கவே இல்லைங்களே" என்கிறாள். ஆக, முதலில் அனுப்பிய இருபத்தேழும் ஆராயியுடையது. சென்னியம்மாள் பேரை நிறுத்தி வை. அவள் பானையிலிருந்தே ஒரு சீசா வாங்க இப்போதே அவள் வீட்டு வாசலுக்குக் கிளம்புகிறேன். இன்று வெள்ளிக்கிழமை. கொடுப்பாளோ மாட்டாளோ, தெரியவில்லை.