பேத்தியின் வயலின்

வயலின் பெட்டி யாருடையது என்று எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டதும், “பேத்தியோடது” என்று திருச்செல்வம் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் தனக்குப் பேத்தி இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

பேரனும் இல்லை. ஒரே மகன் குகன் பினாங்கில் வேலை பார்க்கிறான். வயது முப்பத்தாறு. கல்யாணப் பேச்சை எடுத்தால் லைன் சரியில்லை என்று போனை வைத்துவிடுவான்.

திருச்செல்வத்துக்கு அறுபத்தேழு. துறைமுகத்தில் கண்டெய்னர் லோரிகளை அனுப்பிவைக்கும் மேற்பார்வையாளராக முப்பத்து நான்கு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷமும் டிரைவர்களோடு போனில் கத்தியே போய்விட்டது. இனிமேலாவது கொஞ்சம் இனிமையான சத்தம் எழுப்பிப் பார்க்கலாம் என்று ஒரு வயலின் வாங்கினார். அவர் குடியிருக்கும் பண்டமாரானில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. எதிர்ப்படுகிற டிரைவர்கள் அவரிடம் முப்பத்து நான்கு வருஷம் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் சேர்த்துச் சிரிப்பார்கள். வீட்டிலேயே கூட வாஷிங் மிஷின் ஓடும்போதுதான் பயிற்சி செய்வார். வயலின் வாங்கிய மூன்று மாதத்தில் அவருடைய சட்டைகள் எல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்துவிட்டன.

அதனால்தான் வியாழன்தோறும் ரயிலேறி, தெரிந்த முகம் இல்லாத பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். அங்கே ஒரு புடவைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், லோஜினி டீச்சர் வயலின் சொல்லிக்கொடுத்தார். ஒருவருக்கு அரை மணி நேரம், தனித்தனியாக. காத்திருக்கும் கூடத்தின் சுவரில் கரடி ஒன்று வயலின் வாசிப்பதுபோல் படம் வரைந்திருந்தது. முதல் நாள் அந்தக் கரடியைப் பார்த்ததுமே, தான் தப்பான வயதில் வந்துவிட்டதாகத் திருச்செல்வத்துக்குக் கூச்சம் வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கேள்வி வந்தது.

கேட்டவர் மார்க்கிரட். தலைமைத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி பெயர் என்ன என்று அடுத்துக் கேட்டார். அவர் காலடியில் கிடந்த துணிக்கடைப் பையில் ‘மாதவி’ என்று எழுதியிருந்தது. “மாதவி” என்றார் திருச்செல்வம். ஏழு வயது.

“பிள்ளை எங்கே?”

“மருமக காருல கூட்டிட்டு வரும். முன்னாடி பார்க்கிங் ஏது? பின் பக்கம் இறக்கி விட்டுட்டா, பின் படிக்கட்டு வழியா நேரா கிளாஸுக்குள்ள போயிடும்.”

ஒரே மூச்சில் அவருக்கு மருமகளும் கிடைத்துவிட்டாள். பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடமில்லை என்று சொன்னால் மறுத்துப் பேச ஆள் கிடையாது. மார்க்கிரட் தன் பேரனும் அப்படித்தான் வருகிறான் என்றார். பக்கத்தில் இருந்த கன்னையாவும் தலையாட்டினார். சாலாக் செலாத்தானில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர் அவர். பள்ளிக்கூடப் பையே பிள்ளையைவிடக் கனமாக இருக்கிறது, அதனால் வயலினைத் தான் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார். மூன்று பேர் மடியிலும் மூன்று பெட்டிகள் இருந்தன.

உள்ளே போவதற்கும் வழி கிடைத்துவிட்டது. பிள்ளை தனியாக இருக்கப் பயப்படுகிறது, பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன் என்று மார்க்கிரட் மூன்று மணிக்கு எழுந்து போனார். அதே காரணத்தோடு கன்னையா மூன்றரைக்குப் போனார். நான்கு மணிக்குத் திருச்செல்வம் போனார். கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக வாசித்தார்.

அந்த நிம்மதி நாலு வாரம்தான்.

ஐந்தாவது வாரம் வகுப்பு முடிந்து அவர் வெளியே வந்தபோது, கன்னையா அக்கறையோடு அவர் தோளில் கை வைத்தார். “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க பேத்தி வாசிக்கிறதைக் கேட்டேன். பிரேக் பேட் தேஞ்சுபோன வண்டி மாதிரி சத்தம் வருதுலா. அந்தப் பிள்ளைக்கு ட்ராயிங் கிளாஸ் பார்த்துக் கொடுங்களேன்.”

திருச்செல்வத்துக்கு ரயிலில் உட்காரவும் பிடிக்கவில்லை. ஷா ஆலம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

அடுத்த வாரம் கன்னையா உள்ளே இருந்த நேரத்தில், அவருடைய பேரனுக்குத் தாளம் என்பது மருந்துக்கும் இல்லை என்று மார்க்கிரட்டிடம் சொன்னார். மார்க்கிரட் அதைக் கன்னையாவிடம் அப்படியே சேர்த்துவிட்டார். அன்றைக்குக் கன்னையா, தான் வாங்கி வந்திருந்த வடையைத் தானே தொடவில்லை. பேரனைச் சொன்னதற்கு இந்த மனுஷனுக்கு இவ்வளவு ரோஷமா என்று திருச்செல்வம் ஆச்சரியப்பட்டார். மார்க்கிரட்டின் பேரன் விரல் மட்டும் கட்டை மாதிரி இருக்கிறது, சின்ன வயசில் இப்படி இருக்கக் கூடாதே என்று கன்னையா சொன்னபோது, மார்க்கிரட் கைப்பையைத் திறந்து வெகுநேரம் எதையோ தேடினார்.

அதற்குப் பிறகு கூடத்தில் போட்டி ஆரம்பமானது. மாதவி ஒரே வாரத்தில் இரண்டு கீதம் முடித்துவிட்டதாகத் திருச்செல்வம் அறிவித்தார். கன்னையாவின் பேரன் வர்ணத்துக்குப் போய்விட்டான். மார்க்கிரட்டின் பேரன் புத்தகத்தைப் பார்க்காமலே வாசித்தான். மாதவியின் மானத்தைக் காப்பாற்றத் திருச்செல்வம் தினமும் இரண்டு தடவை வாஷிங் மிஷினை ஓட்டினார்.

ஜூன் மாதக் கடைசியில் வகுப்புக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மாணவர் இசை நிகழ்ச்சி. மாணவர்கள் அனைவரும் மேடையேற வேண்டும். விதிவிலக்கு இல்லை.

திருச்செல்வம் டீச்சரிடம் தனியாகக் கெஞ்சினார். தன்னை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

லோஜினி சிரித்தார். “கூச்சப்படாதீங்க அங்கிள். எல்லாரும் உங்களை மாதிரித்தான்.”

எல்லாரும் தொடக்கநிலை மாணவர்கள் என்பதை இந்தப் பெண் எவ்வளவு பக்குவமாகச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் போய் நிற்க அவரால் முடியாது. கூடத்துக்கு வந்து, மாதவிக்கு அம்மை போட்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள் என்று சொன்னார்.

தாதியிடம் சொல்லக் கூடாத பொய் அது. கொப்புளம் முதலில் எங்கே வந்தது, எத்தனை நாளாகிறது, காய்ச்சல் எவ்வளவு என்று மார்க்கிரட் விசாரித்தார். திருச்செல்வம் கழுத்தையும் முதுகையும் மாற்றி மாற்றிக் காட்டினார். உங்களுக்குச் சின்ன வயசில் வந்திருக்கிறதா என்று கேட்டு, அவரை ஜன்னலோரமாகத் தள்ளி உட்காரச் சொன்னார் மார்க்கிரட். வீட்டு நம்பரையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, திருச்செல்வம் வயலின் கம்பி வாங்கக் கிள்ளானுக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டுப் போன் அடித்தது. மனைவி தங்கமணி எடுத்தார். பேத்திக்கு அம்மை இறங்கிவிட்டதா என்று ஒரு பெண் குரல் கேட்டது. எந்தப் பேத்தி என்று தங்கமணி கேட்டார். உங்கள் மகன் வயிற்றுப் பேத்திதான், மாதவி, ஏழு வயசு, வயலின் படிக்கிறதே என்றது குரல்.

தங்கமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். லைன் ஏன் ஏழு வருஷமாகச் சரியில்லை என்பது அவருக்கு இப்போது புரிந்தது. உடனே பினாங்குக்குப் போன் போட்டார்.

“குகன், அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன். அந்தப் பொண்ணு எந்த இனமா இருந்தாலும் சரி. பிள்ளைய மட்டும் காட்டுடா.”

குகன் எவ்வளவோ சத்தியம் செய்தான். அம்மா அழுவதை மட்டும் நிறுத்தவில்லை. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அவன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காரை எடுத்தான்.

திருச்செல்வம் கம்பியோடு திரும்பி வந்தபோது வீட்டில் கேசரி வாசம் அடித்தது. மேசை மேல் ஒரு சின்ன ரோஜா நிற கவுன் இருந்தது. ஏழு வயசு என்றால் இந்த அளவு சரியாக இருக்குமா என்று தங்கமணி கேட்டார். இத்தனை நாள் தன்னிடம் ஏன் மறைத்தார் என்றும் கேட்டார். கோபமாகக் கூட இல்லை.

அவர் உண்மையைச் சொன்னார். கரடிப் படத்திலிருந்து ஆரம்பித்து அம்மை வரைக்கும் சொன்னார். தங்கமணி கவுனை மடித்து மறுபடியும் பைக்குள் வைத்தார்.

“மூணு மணி நேரம் நான் பாட்டியா இருந்தேங்க” என்றார்.

கேசரியை யாரும் தொடவில்லை. மாலையில் வந்து சேர்ந்த குகன்தான், ஒன்றும் புரியாமல், பசிக்கு ஒரு தட்டு எடுத்துச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் தனக்கு ஒரு மகள் இருந்து இல்லாமல் போன கதை அவனுக்குத் தெரிந்தது. அவன் சிரிக்கப் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தீர்ப்பைத் தங்கமணி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை திருச்செல்வம் அங்கே போக வேண்டும். அந்த இரண்டு பேரிடமும் நேருக்கு நேர் உண்மையைச் சொல்ல வேண்டும். பிறகு மேடையில் ஏறித் தானே வாசிக்க வேண்டும். தானும் கூட வருவதாகச் சொன்னார். குகன் கார் ஓட்டுவான், ஓடிப்போக முடியாது.

நிகழ்ச்சி பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மார்க்கிரட் பட்டுப்புடவையில் முன் வரிசையில் இருந்தார். கன்னையா வேட்டி கட்டி, புதுச் சட்டை போட்டிருந்தார். இரண்டு பேருடைய மடியிலும் பெட்டி இருந்தது. திருச்செல்வம் வாயைத் திறப்பதற்கு முன்பே, பேரன் டிராபிக் ஜேமில் மாட்டிக்கொண்டான், வருவது சந்தேகம் என்றார் மார்க்கிரட். தன் பேரன் காரில் வாந்தி எடுத்துவிட்டான், பாதி வழியில் திருப்பிக் கூட்டிப்போய்விட்டார்கள் என்றார் கன்னையா.

கடவுளே பார்த்து வழி விட்டிருக்கிறார் என்று திருச்செல்வம் நினைத்தார். மாதவிக்கும் அம்மை, கணக்கு சரியாகிவிட்டது. பேசாமல் திரும்பிவிடலாம். ஆனால் தங்கமணியின் விரல் அவர் முதுகில் குத்தியது.

அவர் எழுந்து நின்றார்.

“மாதவின்னு யாரும் இல்லை” என்றார். “எனக்குப் பேத்தியே கிடையாது. இந்த வயலின் என்னோடது. இத்தனை வாரமா நீங்க கேட்ட பிரேக் பேட் சத்தமும் நான்தான். இந்த வயசுல படிக்க வந்தேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. மன்னிச்சிருங்க.”

மார்க்கிரட் தரையைப் பார்த்தார். கன்னையா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பின் வரிசைகளில் இருந்த நரைத்த தலைகளும் ஏனோ ஒவ்வொன்றாகக் குனிந்தன. இத்தனை பேருக்கும் தன்மேல் இவ்வளவு வெறுப்பா என்று திருச்செல்வம் திகைத்தார்.

அப்போது டீச்சரின் அக்கா உஷாராணி கையில் பட்டியலோடு வந்தார். அன்றைக்கு உதவிக்காக வந்தவர். யார் முதலில் ஏறுகிறீர்கள் என்று கேட்டார். சின்னப் பிள்ளைகள் எல்லாரும் வாசித்து முடிக்கட்டும், பெரியவன் நான் கடைசியில் வாசிக்கிறேன் என்று திருச்செல்வம் பணிவாகச் சொன்னார்.

உஷாராணி பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார்.

“எந்தப் பிள்ளைங்க அங்கிள்? லோஜினி அறுபது வயசுக்குக் கீழே யாரையும் சேர்த்துக்கிறதே இல்லையே.”