வோல்ட் பாயும் சும்மா இருந்த கம்ப்யூட்டரும்

அமெரிக்காவுக்குத் தமிழர்கள் வரத் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்பதற்கு முன்பே அந்த வீட்டுக் கம்ப்யூட்டரின் முதுகில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் வோல்ட் பாய். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால், என் செலவில் டிக்கெட் போட்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் ஆபீசுக்கும் மனைவி நஸ்ரின் அக்காவுக்கும் மட்டும் தெரிந்திருக்கலாம். அக்காவும் அவரை ‘இங்க பாருங்க’ என்றுதான் கூப்பிடுவார் என்பதால் அதுவும் நிச்சயமில்லை. டெக்சஸ் மாநிலத்து இர்விங்கில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்டில் எங்கள் தலைக்கு மேல் வீடு அவருடையது. பூர்வீகம் திருவல்லிக்கேணி. அதே ஊரில் லாஸ் கொலினாஸ் பகுதியில் என் கணவர் செந்திலோடு ஒரே ஆபீசில் வேலை.

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். பாய் ஒரு மீட்டர் வைத்திருப்பார். சுவர் ப்ளக்குக்கும் சாமானுக்கும் நடுவில் அதைச் சொருகினால் அந்தச் சாமான் எத்தனை வாட் குடிக்கிறது என்று காட்டும். சீமந்தத்துக்குப் போனாலும் சரி, இஃப்தாருக்குப் போனாலும் சரி, பாய் முதலில் அந்த வீட்டு ஃப்ரிட்ஜைப் பின்னால் இழுத்து மீட்டரைச் சொருகுவார். எங்கள் கல்யாண நாளுக்கு அவர் கொடுத்த பரிசும் அதே மீட்டர்தான். மேலே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பன் அக்காவின் வேலை.

பாயின் கொள்கை இதுதான்: வேலை செய்யும்போது உயிரைக் கொடுத்துச் செய்ய வேண்டும், வேலை இல்லையென்றால் நன்றாகத் தூங்க வேண்டும். நடுவில் நின்றுகொண்டு கரண்ட் குடிக்கும் எதையும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. ஒரு தீபாவளிக்கு எங்கள் அபார்ட்மெண்ட் ஹாலில் எல்லோரும் ஆளுக்கொரு ஐட்டம் செய்து கொண்டுவந்தோம். பெரிய குக்கரில் வெண்பொங்கல், சூடு ஆறாமல் இருக்க ‘வார்ம்’ பட்டனில் இருந்தது. சாப்பிடப் போனால் கரண்டி உள்ளே இறங்கவில்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு பாய் பக்கத்திலேயே நிம்மதியாக நின்றிருந்தார்.

“பாய், பொங்கல் கல்லாயிடுச்சு” என்றார் பொங்கல் கொண்டுவந்த ஆன்ட்டி.

“வார்ம்ல வெச்சா அது சமைக்கவும் இல்ல, தூங்கவும் இல்ல ஆன்ட்டி. சும்மா நின்னுக்கிட்டு குடிக்குது.”

“நீங்களும் அதத்தான பண்றீங்க” என்றார் ஆன்ட்டி. பாய் கையிலிருந்த காபியைக் குனிந்து பார்த்தார்.

சிக்னலில் நின்றால் வண்டியை அணைத்துவிடுவார். அதுவும் டெக்சஸ் ஆகஸ்ட் வெயிலில். ஒருநாள் அப்படி அணைத்தவர், பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை. பக்கத்து லேனில் நின்ற லாரி ஏன் சும்மா உறுமுகிறது என்று அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். பின்னால் வந்த பிக்கப்பிலிருந்து தொப்பி போட்ட இரண்டு மலைகள் இறங்கின. பாவம், வண்டி ரிப்பேர் என்று நினைத்து, ஒரு வார்த்தை கேட்காமல் தள்ள ஆரம்பித்துவிட்டன. உண்மையைச் சொல்ல பாய்க்கு வெட்கம். அவர்கள் தள்ளத் தள்ள ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பெட்ரோல் பங்க் வரை போய்ச் சேர்ந்தார். அங்கே அவர்கள் தங்கள் பிக்கப்பையும் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணியும் கொடுத்தார்கள். பாய் இரண்டு பேருக்கும் கைகொடுத்து நன்றி சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறி எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் ஆர்க்கிடெக்ட். கோயமுத்தூரில் வெயிலில் நின்று கட்டடம் கட்டியவள். கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்குக் கிடைத்தது டிபென்டென்ட் விசா. அந்த விசாவில் படிக்கலாம், கார் ஓட்டலாம், புருஷனுக்குச் சாம்பார் வைக்கலாம். வேலைக்கு மட்டும் போகக் கூடாது. காலையில் செந்தில் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரை நானும் ஏசியும்தான் பேசிக்கொண்டிருப்போம். ஊரிலிருந்து போன் வந்தால் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “சும்மாதான இருக்கே?”

மாஸ்டர்ஸ் படிக்கப் போனால் இதிலிருந்து வெளியே வரலாம். ஒரு யுனிவர்சிடிக்கு அப்ளை பண்ணுவதாக முடிவு செய்தேன். என் டிசைன்களை எல்லாம் படங்களாக்கி ஒரு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் இன்னொரு வருஷம் ஏசியோடு பேச வேண்டியதுதான். என்னிடம் இருந்ததோ காலேஜில் வாங்கிய லேப்டாப். வெயிலும் நிழலும் விழுகிற மாதிரி ஒரு படம் கேட்டால், காலையில் உட்கார்ந்து சாயங்காலம் பாதிச் சுவரைக் காட்டும்.

செந்தில் இதை ஆபீசில் சொல்லியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை பாய் ஒரு கம்ப்யூட்டரை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். தன்னிடமிருந்த உதிரிகளில் கோர்த்ததாம். “தங்கச்சி, இத கம்பெனிக்காரன் சொன்ன ஸ்பீட விட ஜாஸ்தியா ஓட்டப் போறேன். ஓவர்க்ளாக்கிங். பயப்படாதீங்க” என்று மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் புரிந்த வரையில் விஷயம் இதுதான். ப்ராசஸரை வேகமாக ஓட்ட வேண்டுமென்றால் கூடுதல் வோல்டேஜ் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வோல்டேஜை மேலே ஏற்றி அங்கேயே பூட்டிவிடுவார்கள். அது வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரே சூட்டில் கிடக்கும். பாய்க்கு இது மகா பாவம். “ஆட்டோவ ஸ்டாண்ட்ல போட்டுட்டு ஆக்சிலரேட்டர முறுக்கிட்டே நிப்பானா எவனாவது?” என்று மேஜைக்கு அடியிலிருந்து கேட்டார். அதனால் அவர் வோல்டேஜைப் பூட்டவில்லை. வேலை வந்தால் ஏறும், இல்லையென்றால் இறங்கும். அதோடு, கரண்டை மிச்சம் பிடிக்க எல்லா நிலையிலும் வோல்டேஜில் கொஞ்சம் கொஞ்சம் பிடித்தம் வேறு செய்துவைத்தார். கடைசியில் எங்கள் ரிப்பன் மீட்டரைச் சொருகிப் பார்த்து, “சும்மா இருக்கும்போது முப்பத்தெட்டு வாட்டும்மா. இந்த ஏரியால யார் வீட்லயும் கிடையாது” என்றபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெண்ணுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தாற்போல இருந்தது.

கம்ப்யூட்டர் பறந்தது. முன்பு நாள் முழுக்க இழுத்த படம் சாம்பார் கொதிப்பதற்குள் வந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் டீ போட எழுந்து போனேன். திரும்பி வந்தால் திரை உறைந்து கிடக்கிறது. மவுஸ் அசையவில்லை, எதுவும் அசையவில்லை. மறுபடி ஆன் பண்ணினேன், ஓடியது. துணி மடிக்கப் போனேன், செத்துவிட்டது. வேலை வாங்கினால் குதிரை மாதிரி ஓடுகிறது, நான் அந்தப் பக்கம் நகர்ந்தால் படுத்துவிடுகிறது. இரண்டு முறை ஃபைலே கெட்டுப் போய், ஒரு கட்டடத்தை முதலிலிருந்து வரைந்தேன்.

பாய் வந்தார். கம்ப்யூட்டரை மூச்சுமுட்ட வேலை வாங்கும் ஒரு டெஸ்ட்டை ஓடவிட்டார். அது ஜம்மென்று பாஸானது.

“நல்லா இருக்கேம்மா.”

“வேலை செஞ்சா நல்லாத்தாங்க பாய் இருக்கு. சும்மா இருந்தாத்தான் சாகுது.”

“சும்மா இருக்கறதுல சாகறதுக்கு என்னம்மா இருக்கு?”

செந்தில் ஒரு படி மேலே போய், “நீ ஏதாவது தப்பா க்ளிக் பண்ணியிருப்ப” என்றார். அன்று அவருக்கு இரவு உணவு பிரெட்.

திங்கட்கிழமைக்குள் நானே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். அது சும்மா இருந்தால்தானே சாகிறது? சும்மா இருக்க விடக் கூடாது. திரையின் ஓரத்தில் ஒரு தமிழ் மெகா சீரியலை ஓடவிட்டேன். நான் எழுந்து போனாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். காலை முதல் மாலை வரை எங்கள் வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் சபித்துக்கொண்டே இருந்தார்கள். நான் பார்க்கவில்லை, கம்ப்யூட்டர்தான் பார்த்தது. பலன் இருந்தது. ஆனால் சீரியலும் படம் வரைவதும் சேர்ந்து வேகம் குறைந்தது. எபிசோடு முடிந்து நான் கவனிக்காமல் விட்டால் மறுபடியும் படுத்துவிடும்.

புதன்கிழமை பாய் வீட்டிலிருந்து வேலை. மதியம் அக்கா கொடுத்தனுப்பிய இடியாப்பத்தோடு கீழே வந்தவர், மீட்டரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“என்னம்மா இது? யாரும் இல்லாம சீரியல் ஓடுது?”

“அத நிறுத்தினா செத்துடுங்க பாய். வெள்ளிக்கிழமை அனுப்பணும். இன்னும் பாதி படம் வரலைங்க.”

பாய் என்னையும் சீரியலையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் இடியாப்பத்தை வைத்துவிட்டு, சீரியலை நிறுத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “நான் இத ஓட வெச்சுத்தான் டெஸ்ட் பண்ணேன். சும்மா உக்கார வெச்சுப் பாக்கவே இல்ல. இன்னிக்கு பாக்கறேன். யாரும் மேஜையத் தொடக் கூடாது. மவுஸ் அசைஞ்சா முழிச்சிக்கும்.”

கம்ப்யூட்டர் சும்மா இருப்பதைப் பார்த்துக்கொண்டு பாயும் சும்மா இருந்தார். அது அவரால் முடிகிற காரியமா? காலை ஆட்டினார். மேஜை ஆடும் என்று நிறுத்தினார். தூளியில் பிள்ளை தூங்குகிற வீடு மாதிரி கிசுகிசுவென்று பேசினோம். கடைசியில் பொறுக்க முடியாமல், சுவரில் நான் ஒட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டி, “இது என்னம்மா?” என்றார்.

“உடுமலைப்பேட்டைகிட்ட ஒரு ஸ்கூலுக்கு லைப்ரரி. நான் டிசைன் பண்ணதுங்க.”

“ஜன்னல எதுக்கு இவ்ளோ மேல வெச்சிருக்கீங்க?”

“சூடு மேலதான போகும். அது வழியா வெளிய போயிடும், கீழ ஜன்னல் வழியா குளிர்ந்த காத்து உள்ள வரும். ஃபேனே தேவைப்படாதுங்க.”

பாய் எழுந்து நின்றுவிட்டார். “ஃபேன் இல்லாமயா? எத்தன டிகிரி குறையும்? சுவர் என்ன மெட்டீரியல்? உள்ள எத்தன பேர் உக்காருவாங்க?” கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொன்னேன். பேப்பர் எடுத்து வரைந்து காட்டினேன். ஊரில் நான் என்ன கட்டினேன் என்று அமெரிக்கா வந்த பிறகு என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். என் குரல் எனக்கே பழைய குரலாகக் கேட்டது.

நான் கூரையை விளக்கிக்கொண்டிருந்தபோது மீட்டரில் நம்பர் அப்படியே நின்றது. திரை உறைந்துவிட்டது.

“செத்துடுச்சு” என்றார் பாய், பேரன் பிறந்த மாதிரி. “தங்கச்சி, நீங்க சொன்னது கரெக்ட்டு. செத்துடுச்சு.”

மறுபடி ஆன் செய்து செட்டிங்ஸுக்குள் போனார். அவர் செய்து வைத்த பிடித்தம், வேகமாக ஓடும்போது ஒன்றும் செய்யவில்லை. அங்கே வோல்டேஜ் தாராளமாக இருந்தது. கம்ப்யூட்டர் ஓய்வெடுக்கும்போது ஏற்கெனவே குறைவாக இருந்ததில் அதே அளவைப் பிடுங்கியதும் அதற்கு மூச்சு நின்றுவிட்டது. பிடித்தத்தைத் தளர்த்தினார். சூடு ஏறாமலிருக்க வேகத்திலும் கொஞ்சம் குறைத்தார். மீட்டரில் நாற்பத்து மூன்று. ஏரியா ரெக்கார்டு போய்விட்டது.

“ஃபிக்ஸ்டா பூட்டிடலாமே பாய், ரெண்டு நாள்தானே?” என்று ஆபீசிலிருந்து போனில் கேட்டார் செந்தில்.

“அதுக்கு நான் எதுக்கு தம்பி?” என்று போனை வைத்தார் பாய். அப்புறம் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தப்பு என்னுதும்மா. சும்மா இருக்கறவங்களுக்கு ஒண்ணும் வேணாம்னு நெனச்சிட்டேன். சும்மா இருக்கறதுக்கும் கொஞ்சம் தெம்பு வேணும்ல.”

அவர் கம்ப்யூட்டரைத்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. பாய் பயந்துபோய், “அஞ்சு வாட்தாம்மா, பில் ஒண்ணும் பெருசா வராது” என்று ஆறுதல் சொன்னார்.

சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தோம். அது சாகவில்லை. வெள்ளிக்கிழமை எல்லாப் படங்களும் போய்ச் சேர்ந்தன, லைப்ரரி முதல் பக்கத்தில். சீட் கிடைத்தது, படித்தேன், வேலையும் கிடைத்தது. பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கினோம். என் அறைச் சுவரில் உயரத்தில் ஒரு ஜன்னல் வைக்கச் சொல்லி பில்டரோடு சண்டை போட்டேன். பாயும் அக்காவும் கலிஃபோர்னியாவில் டப்ளினுக்குப் போய்விட்டார்கள். அங்கே கரண்ட் விலை அதிகமாம், அக்கா பாவம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பாய் போன் பண்ணுவார். இன்றுவரை ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டதில்லை. “எவ்ளோம்மா?” என்பார். “நாப்பத்து மூணுங்க பாய்” என்பேன். “அப்ப நல்லா இருக்கீங்க” என்று போனை அக்காவிடம் கொடுத்துவிடுவார்.

ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. ஆபீசில் கொடுத்த புதுக் கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தப் பழைய பெட்டிக்கு வேலையே இல்லை, அலமாரிக்குள் இருக்கிறது. ஆனால் அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வராது. அதனால் ஞாயிறு காலையில் அதை வெளியே எடுத்து, ரிப்பன் மீட்டரைச் சொருகி, ஆன் பண்ணி, ஒரு வேலையும் கொடுக்காமல் உட்கார வைக்கிறேன். கரண்ட் வேஸ்ட்தான், தெரிந்தால் திட்டுவார். நானும் பக்கத்தில் டீயோடு சும்மா உட்கார்ந்து, அவர் போனுக்காகக் காத்திருக்கிறேன்.