ஒரு முழம் குறைந்த ஷாஃப்ட்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லாததால் கேட்கவில்லை.

மீன்பிடி காலம் தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. உங்கள் படகு கரையில் முட்டுக்கட்டைமேல் நிற்கிறது; நீங்கள் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறீர்கள். நேற்று துறைமுக வாசலில் என்னைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எஞ்சினிலிருந்து புரொப்பல்லர் வரை போகும் ஷாஃப்டுக்கு அளவு எடுக்க வேண்டும் என்றதும் நானாகத்தான் முன்னால் வந்தேன். முப்பத்திரண்டு வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவன் அல்லவா. தச்சர் அப்போதே சொன்னார்: "ஐயா, எஞ்சின் முனையில இருந்து பின்னால ஓட்டை வரைக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடிச்சா முடிஞ்சுது." நான் கேட்டேனா? "நூல் தொய்யும்ப்பா, சைன் தொய்யாது" என்று சொல்லிவிட்டு, படகின் அடிமரத்தை வைத்து இரண்டு முனைக்கும் உயர வித்தியாசம் எடுத்தேன்: ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். எஞ்சின் மேடையில் கோணம் காட்டும் ரசமட்டம் வைத்துச் சாய்வு பார்த்தேன்: பன்னிரண்டு டிகிரி. உயரத்தை அந்தக் கோணத்தின் சைனால் வகுத்தால் இரண்டரை மீட்டர். லேத் பட்டறையில் அப்படியே கடைந்து கொடுத்தார்கள். பொருத்தப் போனால் ஒரு முழம் குறைகிறது. தச்சர் ஷாஃப்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லாத்தான் கடைஞ்சிருக்காங்க. எந்த போட்டுக்குன்னுதான் தெரியல" என்றார்.

தப்பு என்னுடையது. நிலம் நாளுக்கொரு பக்கம் சாயாது, ரசமட்டத்தை நம்பலாம். படகு சாய்ந்து நிற்கும். முட்டுக்கட்டைமேல் அதன் முன்பக்கம் இரண்டு டிகிரி தூக்கியிருந்தது. உயரத்தைப் படகிலிருந்து எடுத்தேன், கோணத்தைப் பூமியிலிருந்து எடுத்தேன். ரெண்டும் ஒரே முக்கோணத்துல எப்படிச் சேரும்? தங்கச்சியும் எங்கிட்ட பேசுறதில்ல. போன் பண்ணினா "அவரு வீட்ல இல்ல"ன்னு வச்சிடுறா. நான் கூப்பிட்டதே அவளைத்தான்.

போன வாரம் நீங்கள் கடலில் இருந்தபோது போய் நூலைப் பிடித்துப் பார்த்தேன். அந்த இரண்டைக் கழித்துப் பத்து டிகிரி வைத்துப் போட்ட கணக்கும் ஒத்துப்போயிற்று: மூன்று மீட்டர். புது ஷாஃப்ட் சொல்லிவிட்டேன், நாளைக் காலை உங்கள் படகடிக்கு வந்துவிடும். இதோடு நான் அளப்பதை விட்டேன்.

கடல் உங்களுக்குக் கைகொடுக்கட்டும். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், ஏற்க மனமிருந்தால்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் மச்சான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தங்கை கூப்பிட்டாள். "அண்ணே, உன் ஷாஃப்ட்டத் தூக்கி எறியச் சொன்னேன், இவரு கேக்கல. 'மச்சான் மனசு கஷ்டப்படும்'னு தச்சரோட சேந்து சாயங்காலம் சாயங்காலமா எஞ்சின் மேடையை அறுத்து, எஞ்சினையே ஒரு முழம் பின்னால தள்ளி வச்சிட்டாரு. மத்தியானம் படகு தண்ணியில இறங்கிடுச்சு, நல்லா ஓடுது. சாப்பிட வா. அளக்குற டேப்பை வீட்லயே வச்சிட்டு வா" என்றாள். மாப்பிள்ளை, சாப்பிட வரும்போது இந்தக் கடிதத்தைக் கையிலேயே தருகிறேன். நாளைக் காலை பட்டறை வண்டி வந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். அதில் வரும் ஷாஃப்ட் சரியான அளவு.